நுனி சேராத கத்திரி

தெருவில் அவளுடைய சொந்தப் பேர் யாருக்கும் தெரியாது. கத்திரியக்கா என்றால் பால்காரரிலிருந்து போஸ்ட்மேன் வரைக்கும் வழி காட்டுவார்கள். அவள் ஓரகத்திக்கு மிஷின் என்று பேர். அண்ணனைக் கட்டியவள் வெட்டுவாள், தம்பியைக் கட்டியவள் தைப்பாள். ஒரே வீடு, இரண்டு அடுப்பு, முன்னறையில் ஒரு கட்டிங் மேசை. அந்த மேசையில் சின்னவள் டீ டம்ளரைக்கூட வைக்க முடியாது.

வெட்டுகிறவளோடுதான் வாடிக்கை பேசும். அளவெடுப்பதும், "இந்தத் துணிக்கு இந்தக் கழுத்து எடுக்காது" என்று முகத்திலடித்தாற்போல் சொல்வதும் பெரியவள்தான். சின்னவள் கல்யாணமாகி வந்த நாள் முதல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். ஒருதரம் மிச்சத் துணியில் வெட்டிப் பழகப் பார்த்தாள். பெரியவள் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. "என் மேல எவ கை வச்சாலும் விட்டுடுவா, கத்திரி மேல வச்சா விடமாட்டா" என்று அவள் புருஷனே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான்.

அப்படிப்பட்டவள் ஆசைப்பட்டு வரவழைத்த பெரிய கத்திரி, அவள் பட்டன் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தது. திரும்பி வந்து பார்த்தால் மேசைமேல் பார்சல், ஒரு மூலை நசுங்கி. பிரித்தாள். மினுமினுப்புக்கு ஒன்றும் குறைவில்லை. ஒரு துண்டுத் துணியை மடித்து அலகுக்குள் கொடுத்தாள். பாதி தூரம் வெண்ணெயில் போவது போலப் போனது. நுனிக்கு வந்ததும் கடிக்காமல் சப்பியது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மூடிப் பார்த்தாள். இரண்டு அலகும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்தன.

"கீழ போட்டியா?"

"நான் தொடவே இல்லக்கா."

"தொடாமதான் மூலை நசுங்குச்சாக்கும்."

"நசுங்கித்தான் வந்துச்சு."

"அப்போ பார்சல்காரன் முன்னாடியே பிரிச்சுப் பாக்கறதுக்கென்ன? கை வெந்தா போச்சு?"

மிஷின் நின்றது. "'வந்தா வாங்கி வை, என் சாமான்ல கை வைக்காதே'ன்னு சொல்லிட்டுப் போனது யாரு? எதிர் வீட்டுக்காரங்களா?"

பெரியவள் கடைக்கு போன் போட்டாள்.

"டெலிவரி ஆள் முன்னாடி பிரிச்சீங்களாம்மா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல."

"அப்போ உங்க வீட்டுலதான் விழுந்திருக்கும். விழுந்த கத்திரிக்கு நாங்க பொறுப்பில்ல."

"விழுந்தா நுனியில காயம் இருக்கும்யா. இது திருகாணி முடுக்கும்போதே கோணல். உங்க வீட்டுப் பொம்பளைங்க யாரும் தைக்கறதில்லயா?"

"எங்க வீட்டுல எல்லாம் ரெடிமேட்தாம்மா" என்று வைத்துவிட்டார்.

முடுக்கும்போதே கோணல் என்றால் சின்னவள் கீழே போடவில்லை. தன் வாயாலேயே அதைச் சொல்லியாகிவிட்டது. சின்னவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். பெரியவள் நசுங்கின பார்சல் பெட்டியைக் காலால் மேசைக்கடியில் தள்ளினாள்.

அதற்குள் பேங்க் அம்மா வந்துவிட்டாள். பேங்க் குடியிருப்பிலிருந்து வருகிறவள். மகள் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய துணி கையில். தையல்காரர்கள் எல்லாருமே துணி அமுக்குகிறவர்கள் என்பது அவள் முடிவு, அதனால் கண்முன்னால் வெட்டினால்தான் உண்டு. அவளை விட்டால் அந்தக் குடியிருப்புப் பெண்கள் அத்தனை பேரும் அவள் பின்னாலேயே வேறு கடைக்குப் போவார்கள்.

பழைய கத்திரியும் கையில் இல்லை. புதுசுக்கு ஆர்டர் போட்ட கையோடு அதைச் சின்னவள் பக்கம் தள்ளி, "இனி இதுல பேப்பர் வெட்டிக்கோ" என்றிருந்தாள். பேப்பர் வெட்டிய கத்திரி துணிக்கு ஆகாது. புதுசு கைக்கு வருமுன்னே பழசைத் தள்ளிவிட்ட புத்தியை எந்தச் செருப்பால் அடிப்பது?

"நாளைக்கு வெட்டலாமாம்மா?"

"நாளைக்குன்னா நான் வேற இடம் பாத்துக்கறேன்."

சின்னவள் எழுந்தாள். மிஷின் டிராயரிலிருந்து பழைய கத்திரியை எடுத்தாள். சாணை பிடித்து, எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி வைத்திருந்தாள்.

"இதுல பேப்பர் வெட்டலயா நீ?"

"எதுக்கு? வீட்டுல பிளேடு இல்லயா?"

"குடு இப்படி."

"தரமாட்டேன்க்கா. எனக்குன்னு குடுத்தது. வெட்டறதுன்னா நானே வெட்டறேன்."

"அவளுக்கு வெட்டத் தெரியாதும்மா" என்றாள் பெரியவள், பேங்க் அம்மாவைப் பார்த்து.

"நீங்க வெட்டினதையெல்லாம் தச்சவ நான்தானே? உங்க கைக்குழி எப்பவும் கொஞ்சம் கம்மி. இழுத்து இழுத்துச் சரிக்கட்டறது யாருன்னு நினைச்சீங்க?"

"அதான் எனக்கு எப்பவும் அக்குள்ல பிடிக்குதா!" என்றாள் பேங்க் அம்மா. "யாராவது வெட்டுங்கம்மா. பாலை வேற அடுப்புல வச்சுட்டு வந்திருக்கேன்."

பெரியவள் இரண்டு பேரையும் பார்த்தாள். வேண்டாம் என்றால் துணி வாசல் தாண்டும். வேண்டும் என்றால் மேசை போகும். மேசையை விட்டு ஓரமாக நகர்ந்துகொண்டாள்.

சின்னவள் சாக்பீஸால் கோடு போட்டாள். கழுத்தை முதலில் வெட்டினாள், பெரியவள் எப்போதும் கடைசியில் வெட்டுவது. எங்காவது பிசகட்டும் என்று பெரியவள் கண்கொட்டாமல் நின்றாள். கத்திரி கோட்டை விட்டு விலகவில்லை. பேங்க் அம்மா துணுக்குகளைக்கூட விடாமல் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு, "அப்போ வெள்ளிக்கிழமை வரேன்" என்று போனாள்.

பெரியவள் மறுபடி போன் போட்டாள். "மாத்திக் குடுக்கறீங்களா, இல்ல நாளைக்குக் கடை திறக்கும்போது நான் வாசல்ல நிக்கட்டுமா?"

"வாங்க, தாராளமா நில்லுங்க" என்றது போன்.

"போய் நல்லதா ஒண்ணு வாங்கிட்டு வாங்கக்கா" என்றாள் சின்னவள், சுவரைப் பார்த்தபடி. "அதுல நீங்க வெட்டுங்க. மேசையில பாதி எனக்கு."

"உன் மூஞ்சிக்குப் பாதி மேசையா?" என்றாள் பெரியவள். சொல்லிவிட்டு, மேசையில் கிடந்த இஞ்ச் டேப்பைச் சட்டென்று எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அதை மட்டும் சின்னவள் இன்னும் கேட்கவில்லை.