கீழ் இடது கடைவாய்ப்பல்

பல் வைத்தியம் நன்றி கெட்ட தொழில். வலிக்கும்போது கும்பிடுகிறவர்கள், வலி போனதும் ரோட்டில் கண்டாலும் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போவார்கள். அதனால்தான் ஓய்வு பெற்ற பிறகு, மண்ணிலிருந்து எடுக்கிற எலும்புக்கூடுகளின் பல்லைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று தொல்பொருள் திணைக்களத்தார் கேட்டபோது உடனே சம்மதித்தேன். இவர்கள் கத்தவும் மாட்டார்கள், விரலைக் கடிக்கவும் மாட்டார்கள். கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஒருநாளாவது நடந்து திரிந்த உங்களுக்கு என் கதை விளங்கும்.

அம்மி

தம்பலகாமத்தில் வாய்க்கால் வெட்டிய இயந்திரம் ஒரு முதுமக்கள் தாழியை உடைத்துவிட்டது. உள்ளே மிகப் பழைய எலும்புகள். துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் களஞ்சிய அறைக்குக் கொண்டுவந்தார்கள். இடப்பக்கப் பற்கள் தட்டையாகத் தேய்ந்திருந்தன. கல்லில் அரைத்த மாவில் கல்லும் கொஞ்சம் கலந்துவிடும், அதைத் தின்று தேய்ந்த பல் என்று உதவியாளர் குணத்துக்குச் சொன்னேன்.

மண்ணைத் தூரிகையால் தட்டிக்கொண்டிருந்த குணம் நிமிர்ந்து பார்த்தார். "பாவம் டொக்டர், மனிசன் அம்மியையெல்லோ திண்டு முடிச்சிருக்கு."

இரண்டு நிமிட வேலை

போன வருஷம் வந்த தாடை பழங்காலத்தது அல்ல. கடற்கரையோரம் அத்திவாரம் வெட்டும்போது கிடைத்தது. கீழ் வலது கடைவாய்ப்பல்லில் வெள்ளி அடைத்திருந்தது. செய்தி கேட்டு லிங்கநகரிலிருந்து பரமேஸ்வரி அம்மா வந்தார். அவருடைய மகன் காணாமற்போனவன். எங்கே எலும்பு கிடைத்தாலும் மகனின் கிளினிக் அட்டையோடு வந்து நிற்பார். முன்னொருகால் அந்த மகனின் பல்லை அடைத்தவன் நான்தான். அட்டையில் என் கையெழுத்தில் 'கீழ் இடது கடைவாய்ப்பல், வெள்ளி' என்று இருக்கிறது.

இரண்டே நிமிடம் பார்த்தேன். தாடையின் இடப்பக்கத்தில் அடைத்த பல் இல்லை. "இது உங்கடை மகன் இல்லையம்மா" என்றேன். நீதிமன்றத்துக்கும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். தாடை பெட்டிக்குள் போய்விட்டது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினார். "அப்ப இண்டைக்கும் அவனுக்கும் சேர்த்து அரிசி போடுவன்."

நோகாத பக்கம்

தம்பலகாமத்து எலும்பைப் பற்றிக் கேள்விப்பட்டும் பரமேஸ்வரி அம்மா வந்தார். கதிரையில் இருத்தி, இது பழங்காலத்து மனிதர் என்று விளங்கப்படுத்தினேன். வலப்பக்கத் தாடையில் சீழ் வடிந்த துளையையும், அந்தப் பக்கப் பற்களில் கட்டியாகப் படிந்திருந்த காரையையும் காட்டினேன். நோவு தாங்காமல் வலப்பக்கத்தைப் பாவிக்காமலே விட்டிருக்கிறார், இடப்பக்கத்தால்தான் சப்பியிருக்கிறார் என்றேன்.

"என்ரை பிள்ளையும் உப்பிடித்தான் டொக்டர்" என்றார் அம்மா. "வலப்பக்கம் நோகுது எண்டு இடப்பக்கத்தாலைதான் சப்புவான். நான்தான் வலப்பக்கத்திலை கராம்பு வைச்சு விடுறனான். நீங்கள் அடைச்சுவிட்ட பிறகுதான் ரெண்டு பக்கத்தாலையும் சாப்பிட்டவன்."

கையிலிருந்த தாடையை மேசையில் வைத்தேன். எதிரே இருப்பவரின் வலம் நமக்கு இடம். பல் வைத்தியம் படிக்கப் போனவனுக்கு முதல் கிழமையே சொல்லித்தருகிற பாடம் அது. அன்றைக்கு நோயாளிகள் வரிசையாக நின்ற அவசரத்தில், என் கண்ணுக்குப் பட்ட பக்கத்தையே அட்டையில் எழுதியிருக்கிறேன். வலப்பக்கத்தில் வெள்ளி அடைத்திருந்த போன வருஷத் தாடை கண்முன்னே வந்தது. பயமாக இருந்தது, அதைவிட வெட்கமாக இருந்தது. அந்தப் பெட்டியைத் திரும்பத் திறக்கும்படி நீதிமன்றத்துக்கு எழுதவேண்டும். அதற்கு முன் அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அட்டையை ஒருக்கால் வைச்சிட்டுப் போங்கோ அம்மா, திரும்பப் பாக்கவேணும்" என்று மட்டும் சொன்னேன்.

ஒருநாளும் கைவிடாத அட்டையை அவர் என் மேசையில் வைத்தார். "வடிவாப் பாருங்கோ டொக்டர். நீங்கள் பிழை விடமாட்டியள்."

எந்தக் காலத்து மனிதனுக்கோ எந்தப் பக்கம் வலித்தது என்று பிழையில்லாமல் சொல்லும் எனக்கு, என் கையாலேயே அடைத்த பல் எந்தப் பக்கம் என்பதை ஒரு தாய் வந்து சொல்லவேண்டியிருந்தது.