ஏழு கல்லுக்கு ஒரு ஸ்லைடு

கட்சிக்காரரின் ரகசியத்தை வெளியே விட்டவர் எங்களுக்கு வகுப்பெடுத்த வக்கீல். தண்டனை எனக்கு.

பல்லடம் ரோட்டில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங் இன்சார்ஜ். ஹெல்பராகச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. சுற்றிலும் கம்பெனிகள் கைமாறிக்கொண்டே இருந்தன. போர்டு மாறும், பழைய ஆட்கள் காணாமல் போவார்கள். சட்டம் இதைப் பார்த்துக்கொண்டா இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான், கோவையில் ஒரு பல்கலைக்கழகத்தில் கம்பெனி இணைப்பு, கையகப்படுத்தல் சட்டம் படிக்க ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன்.

1. கம்பெனி ஏ

முதல் சில வாரம் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒன்றையொன்று விழுங்கிய கதை. பிறகு வக்கீல் தன் பெருமைக்கு, தானே நடத்திக்கொண்டிருந்த ஒரு உள்ளூர் விற்பனையைக் கேஸ் ஸ்டடியாக எடுத்தார். 'கம்பெனி ஏ', பின்னலாடை, கையெழுத்து இன்னும் ஆகவில்லை. நிலத்தில் ஒரு வில்லங்கமாம். காம்பவுண்டுக்குள் ஏழு கல் நட்ட கன்னிமார் கோயில், ஊர்க்காரர்கள் பொங்கல் வைக்கும் வழக்கம். வாங்குகிறவரும் அதைத் தொடரவேண்டும் என்று இவர் தனி ஒப்பந்தமே எழுதிவிட்டாராம். முழு ஸ்லைடு. கைதட்டினார்கள்.

அந்தக் கல்லுக்கு வருஷா வருஷம் மஞ்சள் பூசுகிறவள் நான். முதலாளி எங்களிடம் மூச்சு விடவில்லை.

அடுத்த ஸ்லைடில் கடைசி வரி: தொழிலாளர் – பிரச்சினை இல்லை. எப்படி சார் என்று கேட்டேன்.

"கம்பெனியா வித்தாதாம்மா ஆளுங்க சர்வீஸ் பத்திச் சட்டம் கேக்கும். நாம மெஷின் தனி, நிலம் தனின்னு பிரிச்சு விக்கறோம். ஆளுங்க வேணும்னா புதுசா சேர்ந்துக்கட்டும்."

"அந்தக் கம்பெனிலதானுங்க சார் நான் வேலை பாக்கறேன்."

ப்ரொஜெக்டரை அணைத்தார். வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, கேட்டது இந்த அறையோடு இருக்கட்டும், அதுதான் தொழில் தர்மம் என்றார். மேடையில் பீற்றிக்கொள்ளும்போது அந்தத் தர்மம் எங்கே டீ குடிக்கப் போயிருந்ததோ!

2. திங்கட்கிழமை

தையல் லைனில் எல்லோரிடமும் சொன்னேன். ஓவர்லாக் டெய்லர் சரசு கேட்டாள்:

"ஏனுங்கக்கா, கல்லுக்கெல்லாம் பேப்பர் போட்டிருக்காங்களா? அப்ப நாமளும் மஞ்சளப் பூசிட்டு அது பக்கத்துல நின்னுக்கலாமுங்களா?"

சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவளே எழுந்து முதலாளி ரூமுக்கு நடந்தாள். லைன் முழுக்கப் பின்னால் போனது.

"யாரு கண்ணு சொன்னா?" என்றார் முதலாளி.

"உங்க வக்கீலுங்க" என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். கையெழுத்தைத் தள்ளி வைத்திருக்கிறார். எங்கள் சர்வீஸ் தொடருமா என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. வக்கீலோ, நான் ரகசியம் காக்கவில்லை என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதி வகுப்பிலிருந்து என் பெயரை நீக்க வைத்துவிட்டார்.

சட்டம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. ஒப்பந்தத்தில் எதையெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்று படித்தபிறகு, யாரையெல்லாம் எழுதவில்லை என்றும் படியுங்கள்.

வக்கீல் சார், அதே ஹாலுக்கு வாங்க. அதே ப்ரொஜெக்டரைப் போடுங்க. நாங்களும் வந்து உட்காருகிறோம். கல்லுக்கு எழுதத் தெரிந்த உங்களுக்கு எங்களுக்கு எழுத ஏன் வரவில்லை? கையெழுத்து ஆவதற்குள், எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள்.