அப்புக்காத்தின் கல்லறை

லைப்சிக் சேமக்காலையில் கல்லறைகளைச் சுற்றிப் புல் வெட்டும் இன்னாசித்தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. 1993ஆம் ஆண்டு ஆத்துமாக்கள் திருநாளன்று, அவருடைய மனைவி மக்டலீன் யாரோ ஒரு ஜெர்மன்காரரின் கல்லறையில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டிருந்தாள்.

கல் சொன்ன வாழ்க்கை சின்னது: நீதிமன்றத்தில் வழக்காடும் அப்புக்காத்தாக இருந்தார், 1870இல் போர் வந்ததும் காலாட்படை அதிகாரியானார், அதே ஆண்டு போர்க்களத்தில் இறந்தார்.

“இஞ்சேரும், உவர் எங்களுக்கு என்ன முறை?”

“சட்டம் படிச்சுப்போட்டுச் சண்டைக்குப் போனவர். எங்கட ஜெறாட்டும் அப்பிடித்தானே?”

விட்டுவந்த நாட்டுப் போரில் செத்த மகன் ஜெறாட்டுக்கு உடலும் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. இன்னாசித்தம்பிக்குக் கோபம் வந்தது. யார்மீது என்றுதான் தெரியவில்லை.

காற்றில் திரி அணைந்தது. அவரே குனிந்து மறுபடி கொளுத்திவிட்டு, அந்த ஜெர்மன் கல்லைப் பார்த்துத் தமிழில் கேட்டார்:

“படிச்ச பிள்ளை, ஏனடா போனனீ?”