அலமாரிக்குப் போன கதவு

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், வீட்டில் ஆள் இருந்தால் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. சாத்தினால், உள்ளே சாவோ சண்டையோ என்று அக்கம்பக்கம் எட்டிப் பார்க்கும். அந்த வழக்கம் என் அப்பாவுக்கு வசதியாகப் போயிற்று.

அப்பா தோட்டத்துத் தச்சர். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்டு, மண்ணெண்ணெய் எஞ்சினில் ஓடும் பழைய வட்டவாள் மேசை ஒன்றை வைத்திருந்தார். மேசை ஒரு முழ அகலம்தான். எனக்குச் சீராகக் கொடுக்கவிருந்த அலமாரிக்கோ அகலப் பலகை வேண்டும். வைத்துத் தள்ளினால் பாதிப் பலகை வெளியே தொங்கியது. ஒரு சனிக்கிழமை காலை, வீட்டின் ஒரே கதவைக் கழற்றி, கால் கொடுத்து, மேசையின் பக்கவாட்டில் திருகாணி போட்டு இறுக்கிவிட்டார்.

“பகல் பூரா சும்மாத்தானே நிக்குது? பொழுது சாயறதுக்குள்ள மாட்டிடுறேன்” என்றார். பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரவேண்டியவர்கள் அந்தச் சனிக்கிழமையே ராகலையிலிருந்து வந்து வாசலுக்கு நேரே தாழ்வாரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அம்மா, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த எனக்குச் சொல்லியனுப்பிவிட்டு, பால் கேட்டு மேல் லயத்துக்குப் போயிருந்தாள். நான் கொழுந்துக் கூடையோடு, மழையில் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தேன். கணுக்காலில் அட்டை கடித்த ரத்தம் வழிந்தது. வீடு ஒரே அறை. வாசலிலிருந்து பார்த்தால் நாலு மூலையும் தெரியும். எல்லாரும் வேலைக்குப் போயிருந்ததால் பக்கத்து வீடுகளெல்லாம் பூட்டிக் கிடந்தன.

“என்னங்க, வீட்டுக்குக் கதவு இல்லீங்களா?” என்றார் மாப்பிள்ளையின் தகப்பனார்.

பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது எனக்கு. ஆத்திரத்தில் எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்: “நான் எங்கப்பா போயி துணி மாத்துறது?”

அப்பா மேலெல்லாம் மரத்தூளோடு வந்து, வாசலில் எனக்கு முதுகு காட்டி நின்று, தன் கம்பளியை இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துக்கொண்டார். “மாத்திக்கம்மா” என்றார். வந்தவர்களை நேருக்கு நேர் பார்த்தபடிதான் அவர் நிற்க வேண்டியிருந்தது. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அப்பா கம்பளியை இன்னும் உயர்த்திப் பிடித்தார்.

அந்தச் சம்பந்தம் நின்றுபோகவில்லை. அலமாரியும் என்னோடுதான் வந்தது. ஆனால் அன்று புடவை கட்டி முடித்த பிறகும் “போதும்ப்பா” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் அவர் திரும்புவார். அவர் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கும்.