கோமதி தூங்க ஒரு கமிட்டி

போன மாதம், நாலு வயதுக் குழந்தை ஒன்றைத் தூங்கவைப்பதற்காகக் கமிட்டி மீட்டிங் போட்டோம்.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே மீட்டிங். டீ, பட்டர் பிஸ்கட், போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் உண்டு. அஜெண்டாவில் ஒரே ஒரு விஷயம்தான் — கோமதி மத்தியானம் தூங்க மாட்டேன் என்கிறாள், என்ன செய்யலாம்?

(எங்கள் ஊரில் கோமதி என்று கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். அம்மன் பெயர். இவள் அவர்களில் ரொம்பச் சின்னவள்.)

எனக்கு மீட்டிங் என்றாலே ஆகாது. நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். என்னைக் கமிட்டியில் போட்டதற்குக் காரணம் நான் பத்திரிகையில் எழுதுகிறேன் என்பதுதான். எழுதுகிறவர்கள் பொறுமைசாலிகள் என்று யாரோ அவர்களிடம் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சங்கரன்கோவிலில் எங்கள் அறக்கட்டளை ஒரு பாலர் பள்ளி நடத்துகிறது. ஃபீஸ் கிடையாது. விசைத்தறிக் கூடங்களுக்கு வேலைக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள்தான் முக்கால்வாசி. காலையில் அனுப்பினால், சாயங்காலம் அம்மா வேலை முடிந்து வரும்போது பிள்ளையும் வீட்டுக்கு வந்துவிடும். பாட்டு, கதை, கலர் பென்சில், மத்தியானம் சாம்பார் சாதமும் முட்டையும். அப்புறம் பாய் விரித்துத் தூக்கம்.

இடம் பார்க்கும்போதே எங்கள் செயலாளர் அண்ணாச்சி கறாராக இருந்தார். தறி ஓடுகிற தெரு பக்கமே வேண்டாம் என்றார். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்திலேயே கிடக்கிற பிள்ளைகள், அதுகள் காதுக்காவது ஓய்வு வேண்டாமா என்று கேட்டார். நியாயம்தானே? எல்லாரும் தலையாட்டினோம். திருவேங்கடம் ரோட்டில், ஊரை விட்டுத் தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவில் ஒரு வீடு கிடைத்தது. பிள்ளைகள் வந்துபோக ஒரு வேன் ஏற்பாடு செய்தோம். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டினோம். ஜன்னலுக்குத் தடிமனான திரை. நன்கொடையாளர்கள் யாராவது பார்க்க வந்தால், முதல் வார்த்தையே 'அடேயப்பா, என்ன ஒரு அமைதி' என்பதாகத்தான் இருக்கும். அண்ணாச்சிக்கு முகமெல்லாம் பூரிப்பு.

அமைதி இருந்தது. தூக்கம்தான் இல்லை.

பாய் விரித்ததும் ஒருத்தனுக்கு ஒன்றுக்கு வரும். உடனே எல்லாருக்கும் வரும். திரும்பி வந்து படுத்தால் புரளும், பக்கத்துப் பாயைச் சுரண்டும், ரிப்பனை அவிழ்க்கும். அரை மணி நேரம் படாதபாடு பட்டு, கடைசியில் களைத்துப்போய்ச் சில பிள்ளைகள் கண்ணை மூடும். கோமதி மட்டும் மூட மாட்டாள். எழுந்து நடப்பாள். சுவரில் காதை வைப்பாள். தரையில் காதை வைப்பாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற செல்வி மிஸ் தாலாட்டுப் பாடினாள், தட்டிக் கொடுத்தாள், பூச்சாண்டி வருகிறான் என்றாள். பூச்சாண்டி வரட்டும் என்று வாசலில் போய் நின்றுகொண்டாளாம் கோமதி.

அப்படி வாசலில் நின்றவள்தான் ஒருநாள் கேட்டைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டாள்.

மெயின் ரோடு. பஸ் போகிற ரோடு. டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர், தனியாக ஒரு பொடிசு ரோட்டோரமாக ஊரை நோக்கி நடந்துபோவதைப் பார்த்து, வண்டியை நிறுத்தித் தூக்கி வந்து ஒப்படைத்தார். எங்கே போகிறாய் என்று கேட்டதற்கு, 'தூங்கப் போறேன்' என்றிருக்கிறாள். கண்டக்டருக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. எங்களுக்கும்தான். அதை யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. செல்வி மிஸ் அன்று சாயங்காலம் வரை கேட்டை விட்டு நகரவில்லை.

அதனால்தான் மீட்டிங். முடிவு சுலபமாக வந்துவிட்டது. இந்தப் பிள்ளைக்கு இன்னும் பக்குவம் வரவில்லை. அடுத்த வருஷம் சேர்த்துக்கொள்ளலாம். அதுவரை அம்மா வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்தவர் வீட்டுப் பிள்ளைக்கு எது நல்லது என்று முடிவு செய்ய, ஃபேன் ஓடுகிற ஒரு ரூமும் டீயும் இருந்தால் போதும் போலிருக்கிறது. நான் மட்டும் யோக்கியமா? சீக்கிரம் முடிந்தால் போதும் என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் மாரியம்மாள் நிற்கிறாள். கோமதியின் அம்மா. எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள தறிக்கூடத்தில், குச்சியில் நூல் ஏற்றித் தார் சுற்றுகிற வேலை. நூல் பிசிறு தலைமுடியெல்லாம் ஒட்டியிருந்தது.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அக்கா, வீட்டுல வச்சுப் பாத்துக்கிடுங்கன்னு சொல்லுதாவ. வீட்டுல யாருக்கா இருக்கா? மொதலாளி தறிக்குள்ள பிள்ளைய விட மாட்டாரு. பெல்ட்டு ஓடுத எடம், அவரச் சொல்லியும் குத்தமில்ல. உங்க பள்ளிக்கூடம் வாறதுக்கு முன்ன பிள்ளைய உள்ள விட்டு வெளிய பூட்டிப் போட்டுட்டுத்தான் வேலைக்குப் போவேன். மறுபடியும் பூட்டச் சொல்லுதியளா?"

ஏன் கோமதி அங்கே தூங்குவதில்லை என்று கேட்டேன். அதுதான் தனக்கும் புரியவில்லை என்றாள். வீட்டில் தலையைச் சாய்த்தால் அடுத்த நிமிடம் தூங்கிவிடுகிற பிள்ளையாம்.

அண்ணாச்சிக்கு உடனே போன் போட்டேன். அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். ரோட்டில் ஏதாவது ஆகியிருந்தால் என்று கேட்டார். கெஞ்சிக் கூத்தாடி சனிக்கிழமை வரை தவணை வாங்கினேன். அதற்குள் அவள் ஒழுங்காகத் தூங்கிவிட்டால் இருக்கட்டும். இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து வேனில் ஏற்ற வேண்டாம்.

மறுநாள் நானே போய் கோமதியின் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கதை சொன்னேன். சிங்கம் தூங்கிவிட்டது, யானை தூங்கிவிட்டது, முயல் தூங்கிவிட்டது… அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டாள். காட்டில் வேறு மிருகமே பாக்கி இல்லை. திரைக்கு வெளியே ஒரு காக்கா கூட இல்லை. அந்த அமைதியில் எனக்கே இருப்புக் கொள்ளவில்லை. வாட்சைப் பார்த்தேன், போனைப் பார்த்தேன், வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். திரும்பி வந்தால் கோமதி தரையில் காதை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். யார் யாரைத் தூங்கவைக்க வந்தது என்ற சந்தேகம் வந்துவிட்டது.

அதற்கடுத்த நாள் போகவில்லை. தலைவலி. வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் விழுந்தேன். சுற்றிலும் தறி ஓடுகிற வீடுகள்தான். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தச் சத்தத்தில் எனக்குப் பைத்தியமே பிடித்தது. இப்போது அது என் காதிலேயே விழுவதில்லை. படுத்ததும் தூங்கிப்போனேன்.

திடுக்கென்று விழிப்பு வந்தது. யாரும் கூப்பிடவில்லை. கதவைத் தட்டவில்லை. ஏன் விழித்தேன்? மேலே பார்த்தால் ஃபேன் மெதுவாகி நிற்கப் போகிறது. கரன்ட் போய்விட்டது. தெரு முழுக்க ஒரு தறிகூட ஓடவில்லை. அப்போதுதான் எதிர் வீட்டுக் கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. அப்புறம் பக்கத்து வீட்டில் ஒன்று. பின் தெருவில் இன்னொன்று. வரிசையாக எல்லாத் தொட்டிலும் அழுகிறது.

வந்த நாளிலிருந்து பார்க்கிற காட்சிதான் இது. கரன்ட் போனால் பிள்ளைகள் எழுந்துவிடும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். புழுக்கம் என்று நினைத்திருந்தேன்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். 'தூங்கப் போறேன்' என்று கோமதி நடந்தது எந்தப் பக்கம்? தறி ஓடுகிற ஊர்ப் பக்கம்.

கரன்ட் வந்ததும் பக்கத்துத் தறிக்கூடத்துக்கு ஓடி, போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு பண்ணினேன். தறி ஓட்டுகிறவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். எழுதுகிறவர்களைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே ஒரு அபிப்பிராயம் உண்டு. இப்போது அது உறுதியாகியிருக்கும்.

மறுநாள் மத்தியானம், பாய் விரித்தாயிற்று. ப்ளூடூத் ஸ்பீக்கரை ஜன்னல் கட்டையில் வைத்து, அண்ணாச்சி இல்லாத தைரியத்தில் போட்டுவிட்டேன். டடக்… டடக்… டடக்… டடக்…

புரண்டுகொண்டிருந்தவன் புரளுவதை நிறுத்தினான். ரிப்பனை அவிழ்த்தவளின் கை அப்படியே பாயில் சரிந்தது. கோமதி தலையைத் தூக்கி ஸ்பீக்கரைப் பார்த்தாள். பெரிதாக ஒரு கொட்டாவி. அவ்வளவுதான், வாய் திறந்தபடியே தூங்கிவிட்டாள். திரும்பிப் பார்த்தால் செல்வி மிஸ்ஸும் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருக்கிறாள். அவளும் தறிக்காரர் வீட்டுப் பெண்தான். எழுப்ப மனசு வரவில்லை. முதல் தடவையாக அந்த ரூமில் எனக்குக் கால் ஆடாமல் உட்கார முடிந்தது.

சனிக்கிழமை அண்ணாச்சி நேரில் வந்தார். வாசலிலேயே முகம் சுருங்கிவிட்டது. இதிலிருந்து தப்பிக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம் என்று முணுமுணுத்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி வெளியே வந்தார். கோமதி இருக்கட்டும் என்றார். கேட்டுக்கு மட்டும் மேலே ஒரு கொண்டி போடச் சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து மாரியம்மாளும் வந்தாள். பிள்ளையின் முடிவு என்ன என்று தெரிந்துகொள்ள, ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். சொல்லிவிட்டேன். பெருமை பிடிபடாமல், சத்தம் கண்டுபிடித்த கதையையும் சேர்த்தே சொன்னேன். கையெடுத்துக் கும்பிடுவாள் என்று எதிர்பார்த்தேனோ என்னவோ!

அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். டடக்… டடக்…

"வயித்துல இருக்கும்போதே இதக் கேட்டவதான்க்கா இவ. பகல் பொழுதாவது இந்தச் சத்தம் இல்லாத எடத்துல இருக்கட்டும்னுதான் இங்கன கொண்டாந்து விட்டேன். இங்கயும் தறியைக் கொண்டாந்துட்டியளே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். பூட்டிய வீடும் வேண்டாம், தறியும் வேண்டாம் என்று அவள் கேட்டது ஒன்றும் பேராசை இல்லையே. நான் என்னவோ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மாரியம்மாள் உள்ளே போனாள். மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். செல்வி மிஸ்ஸிடம் சத்தத்தைக் குறைக்கிற பட்டன் எது என்று கேட்டாள். மெதுவாக ஒரு தடவை அமுக்கினாள். கோமதி அசையவில்லை. இன்னொரு தடவை அமுக்கினாள். கோமதி புரண்டாள், கை பாயைத் துழாவியது. சட்டென்று ஒரு அமுக்கு கூட்டிவிட்டாள். கை அடங்கியது.

"தெனமும் கொஞ்சம் கொஞ்சமாக் கொறைங்க மிஸ். ஒரேயடியா வேண்டாம்."

இப்போது அதுதான் நடக்கிறது. நேற்று செல்வி மிஸ் போன் பண்ணினாள். சத்தம் வாசல் வரைகூடக் கேட்பதில்லையாம், கோமதி தூங்குகிறாளாம். ஸ்பீக்கரை முழுசாக நிறுத்துகிற அன்றைக்குத் தனக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று மாரியம்மாள் கேட்டிருக்கிறாளாம்.

அன்றைக்கு அரை நாள் கூலி போனாலும் பரவாயில்லையாம் — மகளுக்குப் பக்கத்தில் வந்து படுக்க வேண்டுமாம்.