கஸ்தூரி அக்கா விழுந்த இடம்

இரண்டு மாதம் முன்பு ஒரு காலை. பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். வாசல் பக்கம் 'ஐயோ' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால்... நாலு வீடு தள்ளி இருக்கும் கஸ்தூரி அக்கா. ஒரு கால் சாக்கடைக்குள். உடம்பு ரோட்டில்.

கர்நாடகத்தின் பழைய தங்கச் சுரங்கப் பகுதியான பாலகாட்டில் எங்கள் தெருவுக்கு நடைபாதை என்பது சாக்கடையின் மேல் போட்ட ஸ்லாப்தான். அதில் ஒன்று உடைந்து பல மாதமாயிற்று. எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் தாண்டிப் போவோம். பெங்களூரு ரயிலைப் பிடிக்க ஓடுகிறவருக்கு அதெல்லாம் நினைவிருக்குமா?

வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு. அக்காவுக்குப் பெங்களூரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் மெஷின் வேலை. "கை சரியானதும் வாங்க, இடம் இருந்தா பார்க்கலாம்" என்றாராம் சூப்பர்வைசர். இருந்தால்!

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பத்திரிகையில் பத்தி எழுதுகிறவனுக்குக் கோபம் வந்தால் என்ன செய்வான்? மனு எழுதுவான். எங்கள் ஊரில் அதற்கு அர்ஜி என்று பெயர்.

வார்டு ஆபீஸ் கிளார்க் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "கன்னடத்துல எழுதிட்டு வாங்க சார்" என்றார். எழுதிக்கொண்டு போனேன். ஃபோட்டோ எங்கே என்றார். குனிந்து, பள்ளம் பளிச்சென்று தெரியும்படி எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்துக் கரண்ட் கம்பத்தின் நம்பர் வேண்டுமாம்! இதையெல்லாம் முதல் நாளே சொன்னால் வாய் வலிக்குமா?

கடைசியில், "விழுந்தவங்க கையெழுத்து எங்க?" என்றார்.

அக்காவையே அழைத்துப் போனேன். அவர் மாவுக்கட்டைத் தூக்கி மேஜை மேல் வைத்தார்.

"இந்தக் கையாலதான் சார் போடணும். எப்படிப் போடறதுன்னு நீங்களே சொல்லுங்க."

இடது கைப் பெருவிரல் ரேகையோடு அர்ஜி உள்ளே போனது. ஒன்று மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன் — நகலில் சீல் வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். மூன்று வாரம் கழித்து, "அப்படி எதுவும் வரலையே" என்றவர்களை அந்த சீல்தான் தேட வைத்தது.

ஒருவழியாக இன்ஜினியர் வந்தார். இளம் வயதுப் பெண். டேப் பிடித்து அளந்தார். பள்ளத்தைப் பார்த்தார். என் ஃபோட்டோவைப் பார்த்தார். பிறகு என் வீட்டு வாசலைப் பார்த்தார்.

"சார், ஃபோட்டோவைக் கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்திருக்கலாமே. இந்த ராம்ப் யாரோடது?"

ஸ்கூட்டர் ஏற்ற நான் கட்டிய சிமென்ட் சரிவு. நடைபாதையை முழுசாக அடைத்துக்கொண்டு, ரோடு வரை நீண்டிருந்தது.

"இதை எடுத்தாதான் ஸ்லாப் போட முடியும்."

பக்கத்தில் நின்றிருந்த அக்காவைப் பார்த்தேன். அக்கா தரையைப் பார்த்தார்.

"ஆமா தம்பி. உங்க ராம்ப்ப சுத்திக்கினு போகச்சொல்லோதான் அந்த உடைஞ்ச கல்லு மேல கால வச்சிட்டேன்."

"ஏன்க்கா இத்தனை நாளா சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவீங்க? அர்ஜி எழுதித் தர்றதுக்கு எனக்கு வேற யார் கீறாங்க?"

இத்தனை நாளும் யார் யார் மேலேயோ பாய்ந்துகொண்டிருந்தேன்.

மறுநாளே ஆளை வைத்து ராம்ப்பை உடைத்தேன். பத்து நாளில் ஸ்லாப் வந்தது. அக்காவுக்குக் கட்டுப் பிரித்தாயிற்று. விரல்கள்தான் இன்னும் முழுசாக மடங்கவில்லை. வேலைக்கு வேறு கம்பெனியில் கேட்டிருக்கிறார். நேற்று அந்தப் புது ஸ்லாப் மேல் நின்றுகொண்டு விசாரித்தார்.

"இன்னா தம்பி, ஸ்கூட்டர் ரோட்டுல நிக்குது?"

"உள்ளே ஏத்த முடியலக்கா."

"ரோட்டுல விடாதீங்க தம்பி, போற வர்றவங்களுக்கு இடைஞ்சல்."

இதற்கு நான் யாரிடம் அர்ஜி கொடுப்பது?