புளி போட்டு மினுக்கிய பத்து ராப்பன்

தொண்ணூறுகளின் நடுவில் தம்பி கொழும்பில் ஒரு லொட்ஜில் கிடந்தான். பொலிஸ் சுற்றிவளைப்பில் இரண்டு தடவை பிடித்துவைத்துப் பிறகு வெளியே விட்டிருந்தார்கள். அடுத்த தடவை விடுவார்களா என்று யாருக்கும் தெரியாது. அவனை இங்கே சுவிஸுக்குக் கூப்பிட, ஆள் அனுப்பும் ஏஜென்டுக்குக் கொடுப்பதற்கு எங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. அந்த நேரத்தில்தான், ஓர்லிகோனில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த அப்பாவுக்கு, டிப்ஸ் பிரித்த சில்லறையில் மஞ்சள் நிறப் பத்து ராப்பன் காசு ஒன்று வந்தது.

பத்து ராப்பன் வெள்ளை. மஞ்சளாக இருப்பது ஐந்து ராப்பன்தான்.

"பொன்னே?" என்றார் அம்மா.

"பொன்னெண்டால் உன்ரை காதிலையெல்லோ கிடக்கும். கோப்பை கழுவிறவனுக்கு ஆர் பொன் தாறது?" என்றார் அப்பா. ஆனால் காசைத் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்த்தார். நாணயச்சாலையில் பிழையாக அடிபட்ட காசுக்குச் சேகரிப்பவர்கள் அள்ளிக் கொடுப்பார்கள் என்று சமையல்காரன் சொல்லியிருந்தானாம்.

நான் அப்போது இரசாயன ஆய்வுகூடமொன்றில் தொழிற்பயிற்சியில் இருந்தேன். முதலில் நம்பவில்லை. வெள்ளைக் காசுக்குச் செம்பு பூசி, அதன்மேல் துத்தநாகம் பூசிச் சூடாக்கினால் மஞ்சளாகிவிடும். பயிற்சிப் பள்ளியில் நாங்களே அப்படிச் செய்து விளையாடியிருக்கிறோம். அதனால் ஒழுங்காகப் பார்த்தேன்.

முதலில் நிறை. பூச்சுப் பூசிய பத்து ராப்பன் மூன்று கிராமுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். தராசு காட்டியதோ ஐந்து ராப்பனின் நிறை, ஒன்று தசம் எட்டு. அடுத்தது அளவு. வழக்கமான பத்து ராப்பனை விடச் சிறியது. எழுத்துகளின் மேல்நுனிகள் விளிம்போடு அறுந்திருந்தன. அரத்தால் தேய்த்துச் சிறிதாக்கியிருந்தால் விளிம்பில் கீறல் தெரியும், நிறையும் இவ்வளவு குறையாது. கடைசியாகப் பூதக்கண்ணாடி. எழுத்துகளின் இடுக்குகளிலும் அதே மஞ்சள்தான். குமிழ் இல்லை, உரிவு இல்லை. ஐந்து ராப்பனுக்கு வெட்டிய தகடு ஒன்று தவறிப் பத்து ராப்பன் அச்சுக்குள் விழுந்திருக்கிறது. உண்மையான பிழை.

அதை வீட்டில் சொன்னபோது அம்மா எழும்பி நின்று கும்பிட்டார். "பிள்ளையாரே, என்ரை பிள்ளை வந்திடுவான்."

"பொறும். விக்க வேணும் முதல்," என்றார் அப்பா. பழைய நகரத்து நாணய வியாபாரி ஒருவரிடம் வெள்ளிக்கிழமை காலைக்கு நேரம் எடுத்திருந்தார். அதுவரை காசு சாமிப்படத்தடியில் இருந்தது.

வெள்ளி காலை அம்மா அதைப் பட்டுத்துணியில் முடிந்து தந்தார். ட்ராமில் அப்பா சேட்டுப்பையைத் தடவிக்கொண்டே வந்தார்.

வியாபாரி முடிச்சை அவிழ்த்தார். காசு புதுக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது. அவர் கண்ணாடியை வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "யார் இதைத் தேய்த்தது?" என்று ஜெர்மனில் கேட்டார்.

ஏன் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவுக்கு விளங்கிவிட்டது. "கொம்மா," என்றார் மெதுவாக. "நேற்று வெள்ளிக்கெண்டு விளக்கு மினுக்கினவள். புளி போட்டு."

சாமிக்கு முன்னால் வைக்கும் மஞ்சள் உலோகம் எதையும் அம்மா அழுக்காக விட்டதில்லை. பழப்புளி பூசி ஊறவிட்டு, ஸ்பொஞ்சின் பச்சைப் பக்கத்தால் இரண்டு பக்கமும் உரஞ்சியிருக்கிறார்.

வியாபாரி நல்ல மனிதர். நிறுத்தார், அளந்தார், நான் பார்த்த எல்லாவற்றையும் பார்த்தார். "உண்மையான பிழைதான், சந்தேகமில்லை. ஆனால் மேற்பரப்பு முழுதும் போய்விட்டது. தேய்த்த காசை என்னிடம் வாங்கும் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள்," என்றார். இரக்கப்பட்டு அவர் சொன்ன விலைக்கு இரண்டு பேர் ஒரு நேரம் சாப்பிடலாம். அப்பா தலையாட்டி மறுத்தார்.

வீட்டில் நான் சொன்னதை அம்மா முழுதும் கேட்டார். "ஊத்தையோடை குடுக்கிறதே எண்டுதான்…" என்றபடி பட்டுத்துணியை எடுத்து மடித்தார். அப்பா ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லொட்ஜுக்கு அழைத்தோம். காசு கிடைத்ததைப் போன ஞாயிறே தம்பிக்குச் சொல்லியிருந்தோம். அம்மா ரிசீவரை வாங்க மாட்டேன் என்றார். அப்பா குளியலறைக்குள் போய்விட்டார்.

"என்னக்கா, காசு உண்மையானதோ?"

"ஓம். உண்மையானதுதான்."

"பாத்தியே! நான் சொன்னனான்." பக்கத்தில் நின்ற யாரிடமோ அவன் உரத்த குரலில் அதைத் திருப்பிச் சொன்னான். அங்கே யாரோ கைதட்டினார்கள். "அப்ப ஏஜென்டிட்டை என்ன சொல்லட்டும்?"

நிமிடக் கணக்கில் காசு போய்க்கொண்டிருந்தது. நான் ரிசீவரை மறுபடியும் அம்மாவின் பக்கம் நீட்டினேன். அவன், "ஹலோ, ஹலோ, அக்கா, கேக்குதோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.